டாட்சன் என்றொரு பெயர்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கட்டுரைப் பயிற்சி, வாய்மொழித் தேர்வு, வீட்டில் தமிழ் பேசுதல் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு ஜப்பானியக் கார் நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியருக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு 'பெயர்' என்ற சொல்லில் இருக்கிறது.

நம் மொழியில் பெயர் எடுக்கலாம், பெயர் வாங்கலாம், பெயர் கெடலாம், பெயரைக் காப்பாற்றலாம். மரபுத்தொடர் பாடத்தில் இவற்றை நடத்தும்போது மாணவர்கள் பொருளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் பெயர் எடுக்க எத்தனை காலம் ஆகும்? எடுத்த பெயரை நீக்கிவிட்டு வேறொன்றைச் சூட்டினால் என்ன ஆகும்? முன்பு கெட்டுப்போன பெயரை மீண்டும் நல்ல பெயராக்க முடியுமா? இவற்றுக்கு விடை சொல்ல எடுத்துக்காட்டு வேண்டும். நானறிந்தவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு நிசான் நிறுவனமும், அது நெடுங்காலம் தன் கார்களுக்குச் சூட்டியிருந்த டாட்சன் என்னும் பெயரும்தாம். அப்பெயர் சிங்கப்பூரின் வரலாற்றோடும், என் குடும்பத்தோடும், பின்னாளில் தமிழ்நாட்டோடும் தொடர்புடையது என்பது இன்னொரு காரணம்.

மூவரும் ஒரு முயலும்

1911ஆம் ஆண்டில் தோக்கியோவில் மசுஜிரோ ஹஷிமோத்தோ என்ற பொறியாளர் குவாய்ஷின்ஷா என்னும் சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ஜப்பானின் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டவை. சொந்த நாட்டிலேயே ஒரு காரைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய வேட்கை. 1914இல் அது நிறைவேறியது. அந்தக் காருக்கு 'டாட்' என்று பெயரிட்டார்கள். முதலீடு செய்து உதவிய டென், அவோயாமா, தகேயுச்சி ஆகிய மூவரின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதலெழுத்துகளின் சேர்க்கை அது. அதை ஒத்த ஒலியுடைய ஜப்பானியச் சொல் ஒன்று, பிடிபடாமல் விரைந்தோடும் முயலைக் குறிக்கும். நன்றிக்கு நன்றியும் ஆயிற்று, வேகத்துக்கு வேகமும் ஆயிற்று.

1930களின் தொடக்கத்தில் அதைவிடச் சிறிய கார் ஒன்றைச் செய்தார்கள். டாட் என்ற பெரிய காருக்குப் பிறந்த பிள்ளை என்னும் பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இறுதியில் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் அதைச் 'சன்' என்பர். ஜப்பானியரோ எழுத்தை ஒட்டிச் 'சொன்' என்று ஒலிப்பர். ஜப்பானிய மொழியில் 'சொன்' என்ற ஒலிக்கு நட்டம் என்று ஒரு பொருள் உண்டு. விற்கப்போகும் பொருளின் பெயரிலேயே நட்டம் இருந்தால் யார் வாங்குவார்? எனவே ஓர் எழுத்தை மாற்றி, கதிரவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக அதை ஆக்கினார்கள். டாட்சன் பிறந்தது. கொடியில் கதிரவனை வைத்திருக்கும் நாட்டுக்கு அது பொருத்தமான பெயர்தான். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் என்று லகர, ளகர, ழகரத்தோடு நாள்தோறும் போராடும் நமக்கு இந்தச் செய்தி இனிக்காமல் இருக்குமா?

1933ஆம் ஆண்டின் இறுதியில் யோஷிசுகே அயுகாவா என்னும் தொழிலதிபர் யோக்கோஹாமாவில் ஒரு கார் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது நிசான் மோட்டார் என்று பெயர் பெற்றது. 'நிஹோன் சங்யோ', அதாவது 'ஜப்பான் தொழில்' என்ற தொடரின் சுருக்கமே நிசான். 1935 முதல் யோக்கோஹாமா தொழிற்சாலையில் கார்கள் தொடர் உற்பத்தி முறையில் வெளிவந்தன. நிறுவனத்தின் பெயர் நிசான், காரின் பெயர் டாட்சன் என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் தீமாவில் ஒரு தொழிற்சாலை

அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் மலாயாக் கிளை 1926 முதல் சிங்கப்பூரில் இயங்கி வந்தது. 1941இல் அப்பர் புக்கிட் தீமா சாலையில் அது ஒரு புதிய தொழிற்சாலையைக் கட்டி முடித்தது. சில மாதங்களிலேயே போர் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தது அந்தத் தொழிற்சாலையின் அறை ஒன்றில்தான். இதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அதன் பின்னர் அங்கு என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களிலும் பலர் அறியார். ஆக்கிரமிப்புக் காலத்தில் அத்தொழிற்சாலையை எடுத்து நடத்தியது நிசான். ஜப்பானியப் படைக்குத் தேவையான லாரிகளும் பிற வாகனங்களும் அங்கு பொருத்தப்பட்டன. இந்த மண்ணில் நிசான் செய்தளித்த முதல் வாகனங்கள் படைக்கான வாகனங்கள்.

ஊரின் பெயரையும் மாற்றினார்கள். சிங்கப்பூர் 'சியோனான்' ஆயிற்று. தெற்கின் ஒளி என்று பொருள். காரின் பெயரில் நட்டத்தை நீக்கிக் கதிரவனை வைத்தவர்கள், கைப்பற்றிய ஊரின் பெயரிலும் ஒளியை வைத்தார்கள். அந்த ஒளியின் கீழ் மூன்றரை ஆண்டுகள் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சீன ஆடவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகச் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் காட்டிலேயே மடிந்தனர்.

நம்மவர் நினைவில் அக்காலம் ஒரே நிறத்தில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1943 அக்டோபர் 21இல் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தது இங்குள்ள கேத்தே கட்டடத்தில்தான். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் பலர். ஒரே குடும்பத்தில் ஒருவர் அப்படையிலும் மற்றவர் இரயில் பாதையிலும் இருந்ததுண்டு.

பகை இருந்த ஊரில் விற்பனை

போர் முடிந்து ஜப்பானியர் சென்றனர். கணக்கு முடியவில்லை. 1962இல் கட்டுமானப் பணிகளின்போது மனித எலும்புக் குவியல்கள் வெளிப்பட்டன. 1963 ஆகஸ்டில் நகர மண்டபத்தின் முன் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு, சிந்திய குருதிக்கு ஈடு கேட்டார்கள். 1966 அக்டோபரில் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர உடன்பட்டது. பாதி மானியம், பாதி கடன். 1967 பிப்ரவரி 15இல் பீச் ரோட்டில் பொதுமக்களுக்கான போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

இதே ஆண்டுகளில்தான் ஜப்பானியக் கார்கள் மலாயாவுக்குள்ளும் சிங்கப்பூருக்குள்ளும் நுழைந்தன. 1957இல் கோலாலம்பூரில் தான் யுவெட் ஃபோ, தான் கிம் ஹோர் என்னும் சகோதரர்கள் தான் சோங் நிறுவனத்தைத் தொடங்கி, டாட்சன் கார்களை விற்கும் உரிமையைப் பெற்றனர். ஆக்கிரமிப்பை நேரில் கண்ட சீனச் சமூகத்திடம், ஆக்கிரமித்த நாட்டின் காரை விற்க அவர்கள் முன்வந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆஸ்டின், மோரிஸ் முதலிய பிரிட்டிஷ் கார்கள் கோலோச்சிய காலம் அது. ஜப்பானியப் பொருள் என்றால் மலிவானது, விரைவில் உடைவது என்ற எண்ணமும் அக்காலத்தில் பரவியிருந்தது. ஆக, டாட்சனுக்கு இரண்டு கெட்ட பெயர்கள். ஒன்று போரினால் வந்தது. மற்றொன்று தரத்தைப் பற்றியது.

முதலாவதைக் கார் செய்து போக்க முடியாது. இரண்டாவதைப் போக்க நிசான் என்ன செய்தது என்பது ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. முதலில் அது மாணவராக அமர்ந்தது. 1952இல் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் கார்களை ஜப்பானில் பொருத்தியது. தொடக்கத்தில் இறக்குமதியான பாகங்கள். பின்னர் ஒவ்வொரு பாகத்தையும் தானே செய்யக் கற்றது. அடுத்துத் தேர்வெழுதச் சென்றது. 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் சுமார் 16,000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு இரண்டு சிறிய டாட்சன்களை அனுப்பியது. இரண்டும் பந்தயத்தை முடித்தன. 'ஃபூஜி' என்று பெயரிடப்பட்ட கார் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1960இல் தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை நிசான் பெற்றது. பொருளைச் செய்து முடித்த பிறகு குறை தேடுவதைவிட, செய்யும் முறையிலேயே குறை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஜப்பானியருக்குக் கற்பித்த அமெரிக்க அறிஞர் டெமிங்கின் பெயரால் அமைந்த பரிசு அது.

1966இல் சாதாரணக் குடும்பங்களுக்காக ஒரு சிறிய காரைச் செய்தபோது, அதன் பெயரைப் பொதுமக்களிடமே கேட்டார்கள். 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்து குவிந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர் 'சன்னி'. மீண்டும் கதிரவன்! அதே ஆண்டில் பிரின்ஸ் என்னும் நிறுவனம் நிசானோடு இணைந்தது. ஸ்கைலைன் என்ற கார் அப்படித்தான் நிசானுக்கு வந்தது. கணினி விளையாட்டில் ஜிடி-ஆர் காரை ஓட்டும் நம் மாணவர்கள் அறிந்த பெயர் அது.

சன்னியின் அடுத்தடுத்த வடிவங்களுள் ஒன்று 1973இல் வெளிவந்தது. நம் வட்டாரத்தில் அதன் பெயர் டாட்சன் 120ஒய். அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. 1.2 லிட்டர் இயந்திரம் கொண்ட, குறைவாகக் குடிக்கும் அந்தக் காருக்கு அதைவிட நல்ல நேரம் வேறு இருந்திருக்க முடியாது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடங்களில் 120ஒய் பழகிய முகமாயிற்று. அழகான கார் என்று யாரும் சொன்னதில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த 120ஒய்

1980களின் தொடக்கத்தில் என் சித்தப்பா ஒரு பழைய 120ஒய் வாங்கினார். இளம்பச்சை நிறம். வெயிலில் நின்றால் இருக்கை தொடையைச் சுட்டுவிடும். குளிர்சாதனம் கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். முன்னால் இருவர், பின்னால் பெரியவர் மூவர், அவர்கள் மடியில் நாங்கள் என்று வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் செல்வோம். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் முன்மூடியைத் திறந்து வைத்து, எது எதற்கு என்று எங்களுக்குக் காட்டுவார். அந்த இயந்திரத்தைச் சுற்றிலும் கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. தீப்பொறிச் செருகியைக் கழற்றித் துடைத்து மாட்ட அவருக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். உதிரிபாகம் தேவைப்பட்டால் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளுக்குச் செல்வார். எளிமை, சிக்கனம், கைக்கெட்டும் விலையில் பாகங்கள், தானே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு ஆகியவையே அதன் கவர்ச்சி என்று இப்போது புரிகிறது.

தாத்தா அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். அவருடைய தம்பி ஜொகூர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943இல் லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எந்த ஆண்டு, எந்த இடத்தில் இறந்தார் என்ற செய்திகூட வரவில்லை. அதனால் எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமல் தை அமாவாசையில் கொடுத்து வந்தார் தாத்தா. வீட்டுக்குள் ஜப்பானிய வானொலிப்பெட்டி வரக்கூடாது என்பது அவர் விதித்த சட்டம். சித்தப்பா கார் வாங்கியபோது அவர் சண்டை பிடிக்கவில்லை. கோயிலுக்கு நாங்கள் காரில் சென்றால் அவர் பேருந்தில் வந்து சேருவார். அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. ஒருநாள் நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தது. சித்தப்பா பாட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓட, பின்கதவைத் திறந்து முதலில் ஏறி உட்கார்ந்து, பாட்டியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டவர் தாத்தாதான். பாட்டி பிழைத்து வந்தார். அதன் பிறகு தாத்தா காரில் ஏறினார். அப்பா ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டுவிட்டார். "வண்டி என்னடா பாவம் பண்ணுச்சு? கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி வந்துச்சு" என்றார் தாத்தா. ஆனால் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 வந்தால் மட்டும் அவர் பேருந்தில்தான் செல்வார். 1990களில் அவர் மறையும் வரை அந்தப் பழக்கம் மாறவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

கார் செய்த நன்மையைக் கார் கணக்கில் எழுதினார். தம்பியை இழந்த கணக்கை அப்படியே வைத்திருந்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கவில்லை. பின்னாளில் வகுப்பில் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் எனக்கு வழிகாட்டியது அந்தப் பேருந்துப் பயணம்தான்.

எடுத்த பெயரை இறக்கி வைத்தார்கள்

இவ்வளவு பாடுபட்டு எடுத்த பெயரை, 1981இல் நிறுவனமே விட்டுவிட முடிவு செய்தது. உலகெங்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று கூறி, டாட்சன் என்பதைப் படிப்படியாக நீக்கி நிசான் என்று மாற்றினார்கள். 1980களின் நடுப்பகுதிக்குள் அந்தப் பெயர் கார்களிலிருந்து மறைந்தது. விற்பனைக் கூடங்களின் பலகைகளும் மாறின. மக்கள் வாய் மாறவில்லை. புதிய நிசான் சன்னியை வாங்கி வந்தவரிடமும் எங்கள் அடுக்குமாடியில் "புது டாட்சனா?" என்றுதான் கேட்டார்கள்.

காரின் தரம் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. நிசான் செட்ரிக் டாக்சிகள் இந்நகரில் பல ஆண்டுகள் உழைத்தன. ஆயினும் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1999 மார்ச்சில் பிரான்சின் ரெனோ நிறுவனம் 36.8 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக் கைகொடுத்தது. மீட்க வந்த கார்லோஸ் கோஸ்ன் 21,000 பணியிடங்களைக் குறைத்து ஐந்து ஆலைகளை மூடும் திட்டத்தை அறிவித்தார். நிறுவனம் மீண்டது; அவர் நாயகர் ஆனார். 2018 நவம்பரில் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டில் அவரே தோக்கியோவில் கைதானார். குற்றத்தை மறுத்த அவர், 2019 டிசம்பரில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து லெபனானுக்குத் தப்பினார். ஒரு மனிதரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாகக் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

ஒரகடத்தில் மறுபிறவி

தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பு இங்கே தொடங்குகிறது. 2010 மார்ச்சில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் இணைந்து ஆலையைத் திறந்தன. நிசான் மைக்ரா கார்கள் அங்கிருந்து கடல் கடந்தும் சென்றன. காஞ்சிபுரம் வட்டாரத்து இளைஞர்கள் பலருக்கு அந்த ஆலை வேலை தந்தது.

2012இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், டாட்சன் என்ற பெயரை மீண்டும் எடுக்கப்போவதாக நிசான் அறிவித்தது. இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா முதலிய நாடுகளில் முதன்முறையாகக் கார் வாங்குவோருக்கான மலிவு விலைக் கார் அது. டாட்சன் கோ 2014இல் ஒரகடத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் வீட்டு இளம்பச்சைக் காரின் பெயர், தமிழர் கைகளால், தமிழ் மண்ணில் மீண்டும் பிறக்கிறதே!

அவ்வாண்டு நவம்பரில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு தன் மோதல் சோதனை முடிவை வெளியிட்டது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு டாட்சன் கோ பெற்ற நட்சத்திரம் சுழியம். சோதித்த காரில் காற்றுப்பை இல்லை. காரின் கூடே வலுவற்றது, காற்றுப்பை வைத்தாலும் பெரிய பயன் இராது என்று அவ்வமைப்பு கூறி, காரைத் திரும்பப் பெறும்படி நிசானைக் கேட்டுக்கொண்டது. பின்னர் வந்த வடிவங்களில் காற்றுப்பைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் மக்களின் மனத்தில் பதிந்தது முதல் செய்திதான். 2022இல் டாட்சன் என்ற பெயர் இரண்டாம் முறையாக மறைந்தது.

பழைய டாட்சனும் மலிவான கார்தான். காற்றுப்பை அதிலும் இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களில் இல்லை. தன் காலத்தின் பிற கார்களோடு ஒப்பிட்டால் கொடுத்த பணத்துக்கு அது கூடுதலாகவே கொடுத்தது. அந்த நினைவுதான் அதன் பெயர். புதிய காரோ அந்த நினைவை முன்பணமாக வாங்கிக்கொண்டு, தன் காலத்தின் அளவுகோலில் குறைவாகக் கொடுத்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் பெயர் எடுப்பது பேரன் கையில் இருக்கிறது.

நிசானுக்கு இப்போது மீண்டும் சோதனைக் காலம். ஹோண்டாவோடு இணைவது பற்றி 2024 டிசம்பரில் தொடங்கிய பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 20,000 பணியிடங்களைக் குறைக்கவும், 17 ஆலைகளைப் 10 ஆக்கவும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோவிடம் விற்கவும் நிசான் முடிவு செய்தது. 120ஒய் காலத்தில் யாரேனும் இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சித்தப்பா சிரித்திருப்பார்.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

புக்கிட் தீமா தொழிற்சாலையில் போருக்குப் பின் மீண்டும் ஃபோர்டு கார்கள் செய்யப்பட்டன. 1980இல் அது மூடப்பட்டு, 2006இல் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. 2017 பிப்ரவரியில் அங்குள்ள காட்சிக்கூடம் புதுப்பிக்கப்பட்டபோது, அதற்குச் 'சியோனான் காட்சிக்கூடம்' என்று பெயர் சூட்டினார்கள். முதியோர் பலர் மனம் நொந்தனர். அந்தப் பெயரைத் தாங்கிய பலகை மீண்டும் இந்த மண்ணில் நிற்பதா என்று கேட்டனர். சில நாள்களிலேயே அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், பெயர் நீக்கப்பட்டது. உள்ளே இருந்த படங்களும் ஆவணங்களும் அப்படியே இருந்தன. ஒரு சொல் மட்டும் அகற்றப்பட்டது. 75 ஆண்டுகள் கழிந்தும் ஒரு பெயருக்குள் எவ்வளவு வலி தங்கியிருக்கும் என்பதைச் சொற்களைக் கற்பிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஜப்பானியக் கார், ஜப்பானியச் சித்திரக்கதை, ஜப்பானிய உணவு என்று வளரும் இக்காலப் பிள்ளைகளிடம் பழைய பகையை ஊட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விரும்பும் பொருளை உண்டாக்கிய உழைப்பை அவர்கள் அறிய வேண்டும். ஆஸ்டினிடம் பாகம் பாகமாகக் கற்ற பணிவையும், ஆஸ்திரேலியப் புழுதியில் இரண்டு சிறு கார்களை ஓடவிட்ட துணிவையும் சொல்லுங்கள். அதே நிறுவனம் ஆக்கிரமிப்புப் படைக்கு இங்கே லாரி செய்ததையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மறைத்தால் பிள்ளைகள் பாதி வரலாற்றோடு வளர்வார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளால் இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியுமா என்று சில பெற்றோர் ஐயுறுகிறார்கள். முடியும் என்பதே என் அனுபவம். தாத்தாவின் பிப்ரவரி 15 பேருந்துப் பயணத்தை வகுப்பில் சொல்லும்போது, விளக்கம் எதுவும் கேட்காமல் புரிந்துகொள்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். மாணவர்கள் தத்தம் வீட்டு முதியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு வரட்டும். "எந்தப் பெயருடைய பொருளை நம்பி வாங்குவீர்கள்?" "எந்தப் பெயரைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்காது?" இரண்டுக்கும் காரணத்தைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். தையல் இயந்திரமோ, மிதிவண்டியோ, தலைவலித் தைலமோ எதுவாகவும் இருக்கலாம். முதல் கேள்விக்கு விடை உடனே வரும். இரண்டாவதற்குச் சில வீடுகளில் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்த வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். அந்த முதியவர்கள் இப்போது மிகச் சிலரே இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது.